சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்: கேள்வி பதில்

பூன் லே ரயில் நிலையத்திலிருந்து வளாகத்துக்கு எந்தப் பேருந்து?

179 அல்லது 199.

ஐயா, என் மகன் சென்னையிலிருந்து படிக்க வருகிறான். சிங்கப்பூர் அரசின் கல்விக் கட்டண மானியத்தை ஏற்கலாமா?

ஏற்கலாம் அம்மா. ஆனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர், பட்டம் பெற்றபின் 3 ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் பணிபுரியக் கடமைப்பட்டவர். பிணை நிற்போரிடமும் இதை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

பல்கலைக்கழகம் 1955இல் தொடங்கியதா, 1991இலா?

இன்றைய பல்கலைக்கழகம் 1991இல் உருவானது. அதற்கு முன், 1981 முதல் அது தொழில்நுட்பக் கழகமாக இயங்கியது. ஆனால் அந்த மண்ணின் கதை இன்னும் பழையது. தொழிலதிபர் டான் லார்க் சை முன்னின்று 1955இல் தொடங்கிய நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு ஹொக்கியன் சீனர்களின் சங்கம் நிலம் அளித்தது; செல்வந்தர்களோடு, மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டிப் பிழைத்தவர்களும் தங்கள் ஒரு நாள் வருமானத்தை நன்கொடையாகக் கொடுத்தார்கள். அதன் நிர்வாகக் கட்டடம் இப்போது சீன மரபுடைமை நிலையம். பழைய நுழைவாயில் வளைவோ வளாகத்துக்கு வெளியே, ஜூரோங் வெஸ்ட் ஸ்திரீட் 93இல், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு அருகில் நிற்கிறது. வளாகத்துக்குள் உள்ள யுன்னான் தோட்டத்தில் பார்ப்பது அதன் நகல்.

அந்தப் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைந்துதானே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆனது? அப்படியென்றால் வாரிசு, அந்தத் தேசியப் பல்கலைக்கழகம் அமைந்த கெண்ட் ரிட்ஜில் அல்லவா இருக்கிறது?

நிறுவன வழியில் உங்கள் வாதம் சரி. ஆயினும் நன்யாங் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் பதிவேடு 1996இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திடமே ஒப்படைக்கப்பட்டது. நிலமும் கட்டடங்களும் இந்த வளாகம் உள்ள ஜூரோங்கிலேயே உள்ளன. ஏழைகள் கொடுத்த பணத்தில் எழுந்த வளாகத்தின் நினைவை, இணைப்பு ஆவணம் ஒன்றைக் காட்டி வேறிடத்துக்கு மாற்றிவிட முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

மறுபடியும் கேட்கிறேன்: இணைப்பு சட்டப்படி செல்லாதா?

செல்லும். மேலே அதை ஒப்புக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

தமிழாசிரியர் பயிற்சிக்கு எங்கே விண்ணப்பிப்பது?

பயிற்சி இதே வளாகத்திலுள்ள தேசியக் கல்விக் கழகத்தில் நடைபெறும். ஆசிரியர் பணி விண்ணப்பத்தைக் கல்வி அமைச்சிடம் அளிக்க வேண்டும்.

பெற்றோருடன் வந்தால் எதைப் பார்க்கலாம்?

யுன்னான் தோட்டத்தில் தொடங்கி, 2015இல் திறக்கப்பட்ட 'ஹைவ்' கட்டடத்துக்கு நடந்து செல்லுங்கள். வட்டமான வகுப்பறைகள் அடுக்கடுக்காக எழுந்து, நடுவிலுள்ள திறந்த முற்றத்தை நோக்கியிருப்பதை உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் அழகு புரியும். பின்னர் 2023இல் திறக்கப்பட்ட, பெரும்பாலும் மரத்தாலான 'காயா' கட்டடத்தையும் பாருங்கள்.

பூன் லேயிலிருந்து எப்படி வருவது?

முதல் பதிலைப் பாருங்கள்.

மானியத்தை ஏற்றுவிட்டுப் பிறகு மனம் மாறினால்?

ஒப்பந்தப்படி இழப்பீடு செலுத்த நேரிடும். கையெழுத்திடும் முன் படியுங்கள்.