அப்பா இறந்து நான்கு மாதம். மகன் அழவே இல்லை

கேள்வி: என் கணவர் 46 வயதில் திடீர் மாரடைப்பில் இறந்து நான்கு மாதம் ஆகிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் காரியத்தன்றுகூட அழவில்லை. இப்போது தங்கையிடம் எரிந்து விழுகிறான். இரவு ஒரு மணி வரை போன். வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் பழக்கமாகிவிடும். உள்ளே இருக்கும் துக்கம் அப்படியே கிடக்கும்.

அவன் அழாததை நினைத்துப் பயப்படாதீர்கள். இந்த வயதில் துக்கம் கோபமாகவும் வயிற்றுவலியாகவும் வெளிவருவது சகஜம். தான் அழுதால் அம்மா இன்னும் உடைந்துபோவார் என்று அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. போதாக்குறைக்கு, "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை" என்று சாவு வீட்டிலேயே நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அந்தச் சுமையை முதலில் இறக்குங்கள். ஃபீஸுக்கு என்ன ஏற்பாடு, வாடகைக்கு என்ன ஏற்பாடு என்று அவனிடம் விவரமாகச் சொல்லுங்கள். "எல்லாம் சரியாயிடும்" என்று பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டான்.

'ஆம்புலன்ஸை முன்னாடியே கூப்பிட்டிருந்தா?' என்ற கேள்வி அவன் மனதில் ஓடிக்கொண்டிருக்கலாம். மருத்துவமனைக் குறிப்பை வைத்து, நடந்ததை ஒருமுறை டாக்டரையே விளக்கச் சொல்லுங்கள். தனக்கும் அப்படி வருமோ என்ற பயமும் இருக்கும். தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பதால் பையனுக்கு ஒருமுறை கொலஸ்ட்ரால் பார்ப்பது நல்லதுதான். அப்போதே வயிற்றையும் பரிசோதித்துவிடலாம். கோளாறு இல்லையென்றால், அரை நாளாவது பள்ளிக்குப் போகட்டும். வகுப்பாசிரியருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

எதிரே உட்காரவைத்து "மனசுல என்ன?" என்று கேட்டால் வாயே திறக்கமாட்டான். வண்டியில் போகும்போதோ காய் நறுக்கும்போதோ நீங்களே அப்பா பேச்சை எடுங்கள். நீங்கள் அழ நேர்ந்தால் அழுங்கள், ஒளிக்க வேண்டாம். போனைப் பிடுங்குவதும் உதவாது. பத்தரைக்கு எல்லோர் போனும், உங்களுடையது உட்பட, ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும். இரவு வெகுநேரம் போனில் அவன் அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும். அவர் சிம்மை அவனைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும். படங்களையும் குரல் பதிவுகளையும் இப்போதே வேறிடத்தில் சேமியுங்கள்.

பிறந்தநாள், தலைத்திவசம் நெருங்கும்போது மறுபடி மோசமாவான். அது இயல்பு. ஆனால் ஆறு மாதம் தாண்டியும் அநேகமாக எல்லா நாளும் அதே ஏக்கத்தில் முடங்கிக் கிடந்தாலோ, நண்பர்களை அடியோடு விட்டுவிட்டாலோ மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு உண்டு. உடல் மெலிந்துகொண்டே போனால் ஆறு மாதம் என்று காத்திருக்காதீர்கள்.

"நானும் அப்பாகிட்டயே போயிடறேன்" என்றாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ அன்றைக்கே அழைத்துப்போக வேண்டும். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவனைத் தனியே விடாதீர்கள். இரவானால் 14416 டெலிமானஸ் (அரசின் மனநல உதவி எண்), 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். கணவரின் மிச்ச மாத்திரைகள் அலமாரியில் இருந்தால் இன்றே வெளியேற்றுங்கள். பூச்சிமருந்து, எலிமருந்து இருந்தால் அதையும்.