இரவிகுளம், சின்னாறு: கேளுங்கள், சொல்கிறோம்

இந்த ஆண்டே பிள்ளைகளுக்கு நீலக்குறிஞ்சியைக் காட்டிவிட ஆசை. இரவிகுளத்துக்கு எந்த மாதம் போகலாம்?
– வாசகி, ஈரோடு

மூணாறை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்காவில் மலை முழுக்கப் பூத்தது 2006இல், பிறகு 2018இல். கணக்குப்படி அடுத்தது 2030. நீலக்குறிஞ்சி வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும். விதை முற்றியதும் செடி பட்டுப்போகும். அந்த விதை முளைத்துப் பூக்கும் பருவத்தை எட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும்.

ஆனாலும் நடுநடுவே ‘குறிஞ்சி பூத்தது’ என்று செய்தி வருகிறதே என்பீர்கள். அதுவும் உண்மைதான். குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பூக்கும் இடைவெளி வேறு. நீலக்குறிஞ்சியே மலைக்கு மலை வேறு ஆண்டில் பூக்கும். 2022இல் இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறைப் பக்கம் பூத்தது. ஆகவே செய்தியைப் பார்த்ததும் எந்த மலை என்று விசாரியுங்கள். பலர் அதை விசாரிக்காமல் இரவிகுளத்தின் சுற்றுலாப் பகுதியான ராஜமலைக்குப் போய் ஏமாந்து திரும்புகிறார்கள்.

பூக்கும் காலம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. 2018 ஆகஸ்ட் பெருமழையில் பூப்பு தள்ளிப்போனது, பாதையும் துண்டிக்கப்பட்டது. 2030க்கு இப்போதே திட்டமிடுகிறவர்கள் செப்டம்பர் பின்பாதியைக் குறித்து வைக்கலாம்.

அதுவரை மலை வெறுமையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மழை ஓய்கிற செப்டம்பரில் நீர் கசியும் பாறைகளில் காட்டுக் காசித்தும்பை பூத்திருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து சோலை ஓரங்களில் காட்டுப்பூவரசு சிவக்கத் தொடங்கும். வரையாடுகளை எப்போதும் பார்க்கலாம், பிப்ரவரி, மார்ச் தவிர. அது குட்டி ஈனும் காலம் என்பதால் பூங்காவை மூடிவிடுவார்கள். மூடும் தேதியும் திறக்கும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். அறை பதிவு செய்யும் முன் இதைச் சரிபாருங்கள்.

காலையில் கிளம்பும் முதல் பூங்காப் பேருந்திலேயே மேலே போய்விடுங்கள். நண்பகலுக்குள் மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கரும்பழுப்பு உடலும் முதுகில் வெளிறிய சேணம் போன்ற திட்டும் இருந்தால் அது முதிர்ந்த வரையாட்டுக் கிடா. ராஜமலை வரையாடுகள் ஆள் பழகியவை, பாதை ஓரமே மேயும். அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதீர்கள். உப்போ தின்பண்டமோ நீட்ட வேண்டாம், தொட்டுப் படம் எடுக்கவும் வேண்டாம்.

உடுமலையிலிருந்து சின்னாறு வழியாகக் காரில் மூணாறு போகிறோம். யானை, காட்டுமாடு பார்க்க வழியில் எங்கே நிறுத்தலாம்?
– வாசகர், திருப்பூர்

சாலையில் எங்கேயும் நிறுத்தக் கூடாது. சின்னாறு சோதனைச் சாவடியில் வனத்துறையிடம் கேட்டால், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி வழிகாட்டியுடன் நடைக்கு ஏற்பாடு செய்வார்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை நாட்களில் நடை இருக்காது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னாறு மழை மறைவுப் பகுதி, அதாவது தென்மேற்குப் பருவமழையை மலைகள் தடுத்துவிடும் பக்கம். கேரளத்தில் இருந்தாலும் இது முட்காடு, இங்கே ஐப்பசி மழைதான் முக்கியம். அந்த மழையில் புதர்மேல் செங்காந்தள் ஏறிப் பூக்கும். கண்ணால் பார்ப்பதோடு சரி. கிழங்கிலிருந்து விதை வரை கடும் நஞ்சு, குழந்தைகள் வாயில் வைத்துவிடக் கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்த கோங்கு மரங்கள் மஞ்சளாய்ப் பூக்கும். இரவிகுளம் மூடியிருக்கும் மாதங்களுக்கு இதுவே நல்ல மாற்று.

யானையைவிட, ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் சாம்பல் மலை அணிலைத் தேடச் சொல்வேன். இது அரிய உயிர். கிளைகள் ஒன்றோடொன்று தொடும் உயரத்தில் இலைப் பந்து மாதிரி கூடு தெரியும். கூட்டைக் கண்டால் அங்கேயே அசையாமல் நில்லுங்கள். முதலில் கண்ணில் படுவது கீழே தொங்கும் நீண்ட வால்தான்.

யானை சாலையில் நின்றால் 100 மீட்டருக்கு முன்பே நிறுத்துங்கள். ஒலிப்பான் கூடாது, விளக்கை மின்ன விடக் கூடாது, கதவைத் திறக்கவே கூடாது. காதை விரித்து உங்களை நோக்கி நின்றாலோ, மண்ணை உதைத்தாலோ மெதுவாகப் பின்னால் எடுங்கள். அதற்கு இடம் வேண்டும், எனவே முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டி நிற்காதீர்கள். குட்டி கடந்துவிட்டது என்று உடனே கிளம்பவும் கூடாது. பெரும்பாலும் பின்னால் இன்னொன்று வரும்.

12 மடங்கு பெருக்கும் பைனாகுலர் வாங்கினேன். எதுவுமே தெளிவாகத் தெரியவில்லை. கண்ணில் கோளாறா?
– வாசகர், மதுரை

கண்ணில் இல்லை. 12 மடங்கில் கை நடுக்கமும் 12 மடங்காகும். காட்டுக்கு 8x42 போதும். 8 என்பது பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். சோலையின் மங்கிய வெளிச்சத்துக்கு அந்த அகலம் உதவும்.

இருப்பதையே சரிசெய்ய: வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலப்புறக் கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையத்தை அப்படியே விட்டுவிட்டு, இனி சக்கரம் ஒன்றையே திருப்பினால் போதும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் ரப்பர் விளிம்பைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

அட்டை கடித்தால் உப்புப் போடலாமா?
– வாசகி, தேனி

வேண்டாம். உப்போ நெருப்போ பட்டால் குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும். மெலிந்த முனைதான் பெரும்பாலும் வாய். அங்கே தோலை ஒட்டி நகத்தைச் செருகி வழித்து, உடனே மறுமுனையையும் எடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்தியிருக்கும், அதனால் கசிவு நிற்க நேரமாகும். சோப்பு நீரில் கழுவித் துணியால் அழுத்திக் கட்டுங்கள், சொறியாதீர்கள்.