வெள்ளை நாய்களும் ஒட்டு மாமரங்களும்: பெரியப்பாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு

ராஜபாளையத்தில் எங்கள் பெரியப்பா போன ஐப்பசியில் தவறிப்போனார். வயது 91. அறுபது வருஷத்துக்கு மேல் ராஜபாளையம் நாய் வளர்த்தவர். அதே இடத்தில் மாவும் ரோஜாவும் வைத்துக் காப்பாற்றியவர். கடைசி 28 வருஷம் அவர் கூடவே நின்று வேலை பார்த்தவன் நான். அவரிடம் குட்டி வாங்கியவர்களும் செடி வாங்கியவர்களும் நிறையக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தென்காசியிலிருந்து: அவர் குறிப்பு நோட்டு வைத்திருந்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நீல அட்டை போட்ட கணக்கு நோட்டுகள், மொத்தம் பதினொன்று. இடது பக்கம் நாய், வலது பக்கம் மரம். இப்போது என் முன்னால் இருக்கும் பக்கத்தில் இடதுபுறம், 'குட்டி 7. வெள்ளை 6, கலர் 1. காது கேளாதது 2.' எதிர்ப்புறம், 'சப்பட்டை ஒட்டு 20 கட்டினேன். 13 பிடித்தது.' சப்பட்டை என்பது எங்கள் பக்கத்து மா வகை. மீதி 7 ஏன் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்: 'கட்டு தளர்வு, என் அவசரம்.' 2005-ல் தபால் துறை நம் நாட்டு நாய்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. அந்தத் தபால்தலையை ஐந்தாவது நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். 2020-ல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்ததைப் பேப்பரில் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

கோவில்பட்டியிலிருந்து: குட்டிக்குக் காது கேட்கிறதா என்று அவர் எப்படிப் பார்ப்பார்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டி பிறப்பதற்கு அந்த வெள்ளை நிறமே பெரிய காரணம். தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதுக்குள்ளும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்து சில வாரத்திலேயே காதுக்குள் இருக்கும் நுண்ணிய பகுதி கெட்டுவிடும். அதற்கப்புறம் மருந்து கிடையாது.

பெரியப்பா ஐந்து வாரம் ஆகும்வரை பொறுப்பார். கூட்டமாக வைத்துப் பார்க்க மாட்டார். ஒரு குட்டி திரும்பினால் மற்றவையும் அதைப் பார்த்துத் திரும்பிவிடும். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் சாக்கின் மேல் விடுவார். அது எதையாவது மோந்துகொண்டிருக்கும்போது நான் பின்னால் பத்தடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். கை தட்டக் கூடாது, காலை ஊன்றி மிதிக்கக் கூடாது. காற்று அசைவும் தரை அதிர்வும் செவிட்டுக் குட்டியையும் திரும்ப வைத்துவிடும். மூன்று நாள், வேறு வேறு நேரத்தில் பார்ப்பார். குட்டியின் காது மடல் லேசாகத் துடிப்பதைத்தான் கவனிப்பார், தலையை அல்ல.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியை இந்த முறையில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு, சத்தம் கேட்டதும் காதிலிருந்து மூளைக்குப் போகும் மின் சமிக்ஞையை மின்முனை வைத்து அளக்கும் சோதனைதான் வழி. இனவிருத்திக்கு வைக்கப்போகிறவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

மதுரையிலிருந்து: கலர் குட்டியை அவர் என்ன செய்வார்?

சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு, அதுதான் ராஜபாளையம் என்று கலர் விழுந்த குட்டியை ஒதுக்கிவிடும் பழக்கம் முன்பு இருந்தது. பெரியப்பா ஒன்றைக்கூட ஒதுக்கியதில்லை. தோட்டக் காவலுக்குத் தெரிந்த விவசாயிகளிடம் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். காது கேளாததை யாருக்கும் தர மாட்டார். நம்மிடமே கட்டிப் போட்டு வளரும், ஆனால் குட்டி போட விட மாட்டார். நானாக இருந்தால் இவ்வளவு செய்திருப்பேனா என்று தெரியவில்லை.

சிவகாசியிலிருந்து: ரோஜாவுக்குப் புண்ணாக்கு வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வாரே, ஏன்?

ஆமணக்குப் புண்ணாக்கைத்தான் சொல்லுவார். இதை எழுதுவது எனக்குக் கஷ்டம், ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஒரு வருஷம் ரோஜாவுக்கு ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத் தூளும் கலந்து வேரடியில் வைத்தார். மண்ணும் மூடினார். அந்த எலும்பு வாசத்துக்கு அவருடைய செல்லப் பெட்டை ராத்திரியில் தோண்டித் தின்றுவிட்டது. மறுநாள் மத்தியானம் வாந்தி, சாயங்காலம் ரத்தமாகப் பேதி. ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சு, சரியாகச் சூடு காட்டாத புண்ணாக்கில் அப்படியே தங்கிவிடும். முறிக்க மருந்து இல்லை. டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். இரண்டாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது.

மீதி மூட்டையைக் குழி வெட்டிப் புதைத்தார். நோட்டில் அன்றைக்கு இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே வரி: 'என் கையால்.'

அதற்கப்புறம் மக்கிய தொழுவுரம் மட்டும்தான். வேலியோரம் இருந்த அரளியை வெட்டினார், செங்காந்தள் கிழங்கைத் தோண்டி எடுத்தார். நாய் இருக்கும் வீட்டில் சைக்கஸ் செடியும் வேண்டாம், அதன் விதை ஈரலைக் கெடுக்கும். நாய் ஏதாவது தின்றிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். செடியையோ மூட்டையின் லேபிளையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: நாய் சிறுநீர் கழித்த இடத்தில் புல் கருகுகிறது.

அதில் நைட்ரஜன் அதிகம். உடனே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

சென்னையிலிருந்து: அடுக்குமாடி வீட்டில் ராஜபாளையம் வளர்க்கலாமா?

வேண்டாம். ஓடப் பிறந்த நாய் அது. ஓட இடம் இல்லாவிட்டால் அதற்கும் துன்பம், உங்களுக்கும் துன்பம்.

விருதுநகரிலிருந்து: அவருடைய வழியில் குட்டி இனிமேல் கிடைக்குமா?

எங்களிடம் மிச்சம் இருப்பது ஒரே பெட்டை, ஒன்பது வயது. எட்டு வயதுக்கு மேல் குட்டி போட விடக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் கூடாது. பெரியப்பா அதற்கு முன்பே மூன்றோடு நிறுத்திவிடுவார். அதனால் எங்களிடம் இல்லை. எங்கே வாங்கினாலும் இரண்டு மாதம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள்.

சப்பட்டை ஒட்டுக்கன்று இருக்கிறது. போன ஆடியில் அவர் உட்கார்ந்து சொல்ல, நான் கட்டியது. 15-ல் 11 பிடித்திருக்கிறது. மழை விழுந்ததும் வாருங்கள், ஆளுக்கு ஒன்று தருகிறேன்.