முன்பணம் கட்டுவதற்கு முன்: குடியாத்தத்துத் தாய் ஒருவருக்கு

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மகளைப் பொறியியல் படிக்க வைக்க விரும்புவதாகவும், கணவர் கட்டட வேலைக்குப் போக நீங்கள் வீட்டில் பீடி சுற்றுவதாகவும், நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி உறவினர் ஒருவர் முன்பணம் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அரசு தரும் பெரிய சலுகைகள், மாணவி எந்த வழியாகக் கல்லூரிக்குள் வந்தாள் என்பதைப் பார்த்தே கிடைக்கின்றன. நகையை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டால், கட்டிய பணத்தோடு அந்தச் சலுகைகளும் கைவிட்டுப் போகும்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், கலந்தாய்வில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் இது பொருந்தும். இந்த ஒதுக்கீட்டில் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் இடம் கிடைத்தாலும், உங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்பதால் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை இருக்கிறது. அது குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும், கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும். விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரியையும் மேலே வைக்கச் சொல்லுங்கள். குடியாத்தத்திலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரம்தான், அரசுக் கல்லூரி என்பதால் கட்டணமும் குறைவு.

சான்றிதழ் வேலையைத்தான் பெற்றோர் பெரும்பாலும் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள், பல விண்ணப்பங்கள் நிற்பதும் அங்கேதான். வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் ரூ.60. விண்ணப்பம் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) ஆகியோரைக் கடந்துதான் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். சேர்க்கைக் காலத்தில் ஊர் முழுவதும் அதே வரிசையில் நிற்கும். சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் இணையவழிச் சான்றிதழாக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமாக, மகளின் மதிப்பெண் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒரு மேசையில் விரித்து வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், இன்னொன்றில் தந்தையின் முழுப்பெயர், மூன்றாவதில் இரண்டுமே இல்லை என்றிருந்தால் உதவித்தொகை விண்ணப்பம் பாதியில் நின்றுவிடக்கூடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்றவற்றைத் திருத்துவதுதான் எளிது. வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடாமல், அரசுப் பணம் நேரடியாக வந்து சேரும்படி அந்தக் கணக்கில் ஆதார் சீடிங் (ஆதார் எண்ணை இணைத்தல்) ஆகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். மகளுக்கு இரண்டு கணக்குகள் இருந்தால், கடைசியாகச் சீடிங் ஆன கணக்கில்தான் பணம் விழும். நீங்களோ மற்றொரு கணக்கின் புத்தகத்தைப் பதிவு செய்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும். 2022-இல் தொடங்கிய இத்திட்டத்தை வேறு உதவித்தொகை பெறும் மாணவியரும் பெறலாம். விண்ணப்பத்தைக் கல்லூரி வழியாகவே கொடுக்க வேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உங்கள் பெயரில் இருந்தால், மத்திய தொழிலாளர் நலத்துறை பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தரும் கல்வி உதவிக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வழி உண்டு. குடியாத்தம் பகுதியில் எத்தனையோ தாய்மார்கள் அட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டே இதைக் கேட்காமல் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கணவரின் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியப் பதிவு புதுப்பிக்கப்பட்டிருந்தால் அங்கும் கல்வி உதவி உண்டு. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கான பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.50,000, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இவற்றுள் சிலவற்றை ஒன்றாகப் பெற விதி இடம் தராது என்பதால், எதை எடுப்பது என்று கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் கேட்டு முடிவு செய்யுங்கள். உதவித்தொகை தாமதமாகத்தான் வரும். முதல் பருவத்துக்கான புத்தகம், பேருந்து, தேர்வுக் கட்டணச் செலவுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு குறையும் தொகைக்கு மட்டும் கல்விக் கடன் வாங்குங்கள். ரூ.4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை, உங்கள் பங்காக முன்தொகை வைக்க வேண்டியதும் இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் தகுதி பெற்றவையாக இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்கும் ஆன வட்டியை மத்திய அரசு ஏற்கும். தகுதி என்பதில் கல்லூரி, படிப்பு ஆகியவற்றின் தரத்தை மதிப்பிடும் நாக் அல்லது என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் பார்க்கப்படுவதால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதை விசாரித்து வையுங்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, விண்ணப்ப எண்ணுடன் வங்கிக் கிளைக்குச் செல்லுங்கள். கிளையில் வாய்மொழியாக முடியாது என்றால், காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேட்டு வாங்கி, வேலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.