ஸ்கோப் ஏன் இடப்பக்கம் இருந்தது?

கேள்வி: 1916-இல் பிரான்ஸ் அகழிகளில் நடக்கும் கதை எழுதுகிறேன். என் பிரிட்டிஷ் ஸ்னைப்பர் துப்பாக்கிக் கட்டையில் கன்னம் பதித்து, ஸ்கோப்பில் குறி பார்க்கிறான். ஆனால் பழைய படங்களில் ஸ்கோப் குழலுக்கு மேலே இல்லை, இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. குறி தப்பாதா?

பதில்: படத்தை நம்புங்கள், கன்னத்தை மாற்றி எழுதுங்கள்.

உங்கள் ஆள் கையில் இருப்பது லீ என்ஃபீல்ட். நம்மூர் போலீஸ்காரர்கள் தோளில் வெகுகாலம் தொங்கிய த்ரீ நாட் த்ரீயின் குடும்பம்தான். அதில் ஐந்து தோட்டாக் கிளிப்பை மேலிருந்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். ஸ்கோப் மேலே இருந்தால் வழி அடைபடும், சாதாரணக் குறிமுள்ளும் மறையும். அதனால் ஆல்டிஸ் போன்ற ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் இடப்பக்கம் தள்ளிப் பொருத்தினார்கள்.

இப்போது உங்கள் சந்தேகம். ஸ்கோப் 3 அங்குலம் தள்ளி இருக்கிறது, 200 கெஜத்தில் குறி சரிசெய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கோடும் தோட்டா போகும் கோடும் அங்கே மட்டும்தான் சந்திக்கும். 100 கெஜத்தில் தோட்டா ஒன்றரை அங்குலம் வலப்பக்கம் படும். 400 கெஜத்தில் 3 அங்குலம் இடப்பக்கம். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் அகழியில் எட்டிப் பார்ப்பவன் அரை முகம்தானே காட்டுவான்!

இதைவிடத் தொல்லை வேறு. தலையை இடப்பக்கம் நீட்ட வேண்டியிருப்பதால் கன்னம் கட்டையில் சரியாகப் படியாது. துப்பாக்கியும் தெரியாமல் சாயும். சாய்ந்தால் தோட்டா சாய்ந்த பக்கமாகக் கீழிறங்கும். அகழியில் மறைப்பாக வைத்த இரும்புத் தகட்டின் சிறு துளை வழியே சுடுவது இன்னும் கேலிக்கூத்து: குழல் துளைக்குள் இருக்கும், ஸ்கோப் தகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்னைப்பர் பயிற்சிப் பள்ளி நடத்திய ஹெஸ்கெத் பிரிச்சார்ட் இந்தப் பக்கவாட்டு அமைப்பைக் கடுமையாகக் குறை சொன்னவர்.

ஆகவே அவனைத் தகட்டுக்குப் பின்னால் உட்கார வைக்காதீர்கள். இடிந்த வீட்டுச் செங்கல் குவியல் போதும்.

கன்னம் பதிக்கும் காட்சியை விட மனமில்லையா? சரி, கதையை இரண்டாம் உலகப் போருக்கு நகர்த்துங்கள். நம்பர் 4 (டி) துப்பாக்கியில் ஸ்கோப் குழலுக்கு மேலேயே இருந்தது. கன்னம் பதிக்கவென்றே கட்டையில் ஒரு மரத்துண்டைத் திருகி வைத்தார்கள். ஆனால் தோட்டாவை ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். அப்புறம், ஒவ்வொரு ஸ்கோப்பும் அதனதன் துப்பாக்கிக்கென்றே பொருத்திச் சரிசெய்தது; அதனால் அந்த ஸ்கோப்பின் எண்ணைக் கட்டையிலேயே பொறித்திருப்பார்கள். பக்கத்து ஆளின் ஸ்கோப்பை இரவல் வாங்கி மாட்டியதும் குறி தவறாமல் சுட்டான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.