ஒரிகன் பாதையில் போனவர்கள் வண்டியில் என்ன ஏற்றினார்கள்? வழியில் எது பழுதானது?

ஒரிகன் பாதை என்பது அமெரிக்காவில் குடியேறிகள் வண்டி கட்டி மேற்கே போன வழி. 1840களில் மிசூரியிலிருந்து ஒரிகனுக்குச் சுமார் 3,200 கி.மீ. நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும்.

சுமையில் பெரும்பங்கு சாப்பாடுதான். வளர்ந்த ஆளுக்கு மாவு 90 கிலோ, உப்பிட்ட பன்றி இறைச்சி 68 கிலோ, சர்க்கரை 9 கிலோ, காபி நாலரைக் கிலோ என்பது அன்றைய கணக்கு. வெயிலில் கொழுப்பு உருகாமலிருக்க இறைச்சியைத் தவிட்டுக்குள் புதைத்து வைப்பார்கள். ஒரு டன்னைத் தாண்டினால் மாடுகள் தளர்ந்துவிடும். அதனால் மேசை, அடுப்பு எல்லாம் பாதையோரம் வீசப்பட்டன. வண்டியில் அதிர்வைத் தாங்கும் வில் (ஸ்பிரிங்) கிடையாது, ஆகவே பெரும்பாலோர் நடந்தே போனார்கள்.

அதிகம் தொல்லை தந்தது சக்கரம். பிளாட் ஆற்றைத் தாண்டி மேற்கே போகப் போகக் காற்று வறண்டுவிடும். மரம் சுருங்கும், ஆரக்கால்கள் ஆடும், இரும்புப் பட்டா கழன்று விழும். சக்கரத்தைக் கழற்றி இரவு முழுக்க ஆற்றில் ஊறப்போடுவார்கள். ஆனால் உலர்ந்ததும் மறுபடி தளர்ந்துவிடும். பட்டாவுக்கும் மரத்துக்கும் இடையே ஆப்பு அடிப்பது கொஞ்சம் மேல். பட்டாவைக் குறுக்கி, பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்குவதுதான் சரியான வேலை. அச்சுக்குத் தாரும் மாட்டுக் கொழுப்பும் கலந்த வண்டி மை. அந்த மை வாளி பின்அச்சில் தொங்கும். மை தீர்ந்தால் அச்சு தேய்ந்து முறியும்.

குதிரையைவிட எருது மெதுவானது. ஆனால் விலை குறைவு, புல்லை மட்டும் தின்றே இழுக்கும். அதனால்தான் ஏப்ரல் கடைசியில் புல் முளைத்த பிறகே கிளம்பினார்கள். தாமதமானால் மலையில் பனி மறிக்கும். 1846இல் கலிபோர்னியா கிளைப்பாதையில் போன டோனர் குழு என்ற குடியேறிகள் கூட்டம் அப்படித்தான் சிக்கியது.

உயிரை அதிகம் பறித்தது காலரா, குறிப்பாக 1849 முதல் 1852 வரை. முகாமிட்ட இடத்துக் கழிவு குடிநீரில் கலந்ததே காரணம்.