ஒரே மருந்து, மூன்று விலை: எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி: சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். டாக்டர் எழுதும் பிராண்டு ஒரு விலை, மெடிக்கலில் ‘அதே மருந்துதான்’ என்று காட்டுவது ஒரு விலை, மக்கள் மருந்தகத்தில் இன்னொரு விலை. ஏன் இத்தனை வித்தியாசம்? எதை வாங்கலாம்?

பதில்: அட்டையில் இருக்கும் எம்.ஆர்.பி.யை வைத்து மருந்தின் தரத்தையோ தயாரிப்புச் செலவையோ கணிக்க முடியாது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு, 2013-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைக்கிறது. சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலைகளின் சராசரியை எடுத்து, அதோடு கடைக்காரரின் லாபமாக 16 சதவீதத்தைச் சேர்ப்பார்கள். ஜி.எஸ்.டி. தனி. விலை கூடிய பிராண்டுகளும் சராசரிக்குள் வருவதால் உச்சவரம்பு தாராளமாகவே அமைகிறது. பட்டியலில் இல்லாத மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பெனி வைப்பதுதான் விலை. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவே. பட்டியல் மருந்தின் பெயரோடு மில்லிகிராமையும் வடிவத்தையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. ஆகவே ஒரே மருந்து தனி மாத்திரையாக உச்சவரம்புக்குள்ளும், வேறு மருந்தோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாக வெளியிலும் இருக்கலாம்.

காப்புரிமை முடிவதும் விலையைச் சாய்க்கும். சர்க்கரை மருந்தான எம்பாக்ளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் முடிந்தது. பல கம்பெனிகள் இறங்கின, விலை பல மடங்கு குறைந்தது. பழைய சீட்டையே காட்டி வாங்குபவருக்கு இது தெரியாமலே போகும்.

ஒப்பிடும்போது பிராண்டுப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை, அதாவது மருந்துப் பொருளின் (ஜெனரிக்) பெயரைப் படியுங்கள். மில்லிகிராம் ஒன்றாக இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 500-ம் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500-ம் ஒன்றல்ல. பிறகு ஒரு மாத்திரையின் விலையைக் கணக்கிடுங்கள். 95 ரூபாய் அட்டையில் 10 இருந்தால் ஒன்று 9.50, 120 ரூபாய் அட்டையில் 15 இருந்தால் ஒன்று 8. ‘20 சதவீதத் தள்ளுபடி’ பலகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: 100 ரூபாய் மருந்து 80-க்குக் கிடைத்தாலும், தள்ளுபடியே இல்லாத 60 ரூபாய் மருந்தைவிட 20 கூடுதல். உச்சவரம்பை ஆணையத்தின் ‘ஃபார்மா சஹி தாம்’ செயலியிலும், மக்கள் மருந்தக விலையை ‘ஜன் அவ்ஷதி சுகம்’ செயலியிலும் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது. அதற்கு முந்தைய எம்.ஆர்.பி. அச்சிட்ட அட்டையைத் தந்தால், திருத்திய விலைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.

சீட்டில் பிராண்டு எழுதியிருந்தால் கடைக்காரர் தாமாக மாற்றித் தர விதி இடம் தருவதில்லை. டாக்டரிடமே மூலப்பெயரில் எழுதித் தரக் கேளுங்கள். சர்க்கரை மாத்திரையில் இது பெரும்பாலும் எளிது. தைராய்டுக்கான லெவோதைராக்ஸின் அப்படியல்ல: அளவில் சிறு மாற்றமும் உடம்பில் தெரியும். வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் ஆகியவையும் இந்த வகைதான். இவற்றில் மாதம் ஒரு பிராண்டு என்று மாற்றாதீர்கள். தைராய்டு மாத்திரையை டாக்டர் சொல்லி மாற்றினால், 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து, அளவு சரிதானா என்று அவரிடமே காட்டிவிடுங்கள்.